காட்சியக அதிகாரிக்கு ஒரு பொன்னாடை

எங்கள் தலைமையாசிரியர் கோபிநாத்தின் அலமாரியில் பதினேழு பொன்னாடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதன்று. ஒரு விழாவில் அவர் தோளுக்கு வந்தது, மற்றொரு விழாவில் வேறொருவர் தோளுக்குப் போகும். கொடுத்தவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு மடிப்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே இதில் வேண்டிய கவனம். சென்ற ஆண்டு அந்தக் கவனம் தவறி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு, அவரே முன்னர் அளித்த பொன்னாடையைச் சீட்டோடு போர்த்தினார். கணித ஆசிரியர் சீட்டை எடுத்துப் படித்துவிட்டுக் கையெழுத்து தம்முடையதுதான் என்று ஒலிபெருக்கியில் உறுதிப்படுத்தினார். அவையினர் கைதட்டினர்.

நல்லேப்பிள்ளிக்கு அருகிலுள்ள அந்தத் தமிழ்வழிப் பள்ளிக்கு நான் கல்பாத்தியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன். தமிழ் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை என்பதால், இவ்வாண்டு அவ்வகுப்பின் சுற்றுலாவும் என் பொறுப்பாயிற்று. வெறும் கேளிக்கையாக இருத்தல் ஆகாது, நினைவிடங்களும் காட்சியகங்களும் இடம்பெற வேண்டும் என்று நிர்வாகம் நிபந்தனை விதித்திருந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் மாணவர்களோடு பஸ் சாலையில் ஓடக் கூடாது என்பது மற்றொரு நிபந்தனை. கோபிநாத் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்: மறையூரின் கற்பதுக்கைகள், மூணாறு செல்லும் வழியில் ஒரு தேயிலைக் கம்பெனி நடத்தும் காட்சியகம், அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பழைய வெள்ளத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பிய தூண். ஒவ்வோர் இடத்திற்கும் எத்தனை நிமிடம் என்று கரும்பலகையில் எழுதினார். பதாகை பிடித்தல், புகைப்படம், வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை ஆகியவற்றுக்கெல்லாம் அதில் நேரம் இருந்தது. பார்ப்பதற்கு இல்லை.

அவர் காட்சியகத்தின் பெயரை எழுதியபோது, இரண்டாம் பெஞ்சிலிருந்து மௌனிகா எழுந்து, அந்த மியூசியத்தில்தான் தன் அம்மா வேலை பார்க்கிறாள் என்று சொன்னாள். சொன்னது உண்மை. அதற்கு மேல் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிச்சத்தைக் கோபிநாத் கட்டி முடித்தார்.

அவர் அறிந்த உலகில் வயலில் இருப்பவர் விவசாயி, பள்ளியில் இருப்பவர் ஆசிரியர், காட்சியகத்தில் இருப்பவர் அதிகாரி. எங்கள் பள்ளியில் மணியடித்து, வகுப்பறை பெருக்கி, அவருக்குத் தேநீரும் கொண்டுவரும் செல்லாத்தாள் இந்த உலகின் எந்த வகையிலும் சேரவில்லை என்பதை அவர் கவனித்ததில்லை. மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில், ‘காட்சியக அதிகாரி திருமதி மூக்கம்மாள் அவர்களுக்குப் பாராட்டு’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. நன்றியுரை: செல்வி மௌனிகா. அதிகாரியின் தயவில் நுழைவுக் கட்டணம் தள்ளுபடியாகும் என்பது பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் சின்னையனுக்குத் தனியாகத் தெரிவிக்கப்பட்டது.

மூக்கம்மாள் அதிகாரி அல்லள் என்பது எனக்குத் தெரியும். மௌனிகாவின் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பியது நான். இருபத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். தோள் பாரம் தாங்காமற் போகவே, கம்பெனி அவளை ‘லைட் டூட்டி’ என்று காட்சியகத்திற்கு மாற்றியிருந்தது. பழங்காலத் தொழிலாளியின் உடையில், முதுகில் கூடையோடு நின்று, கொழுந்து பறிக்கும் முறையை வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவது அவள் வேலை. எஸ்டேட்டுப் பள்ளியில் மேல்வகுப்பு இல்லாததால் மகளைத் தம்பி வேல்முருகன் வீட்டில் விட்டிருந்தாள். அவன் நல்லேப்பிள்ளியில் குடியிருந்து கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலைக்குப் போய் வருபவன்.

இதற்குள் வகுப்பில் மௌனிகாவின் நிலை உயர்ந்துவிட்டது. இதுவரை அவளுடைய எஸ்டேட்டுப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவளிடம் மூணாற்றின் குளிரைப் பற்றி விசாரித்தார்கள். அவர்களுள் ஒருத்தியான அம்ருதா தன் புது நகப்பூச்சை அவளுக்கும் தீட்டினாள். மூன்றாம் நாள், அம்மாவுக்குக் கம்பெனி ஜீப் உண்டா என்று யாரோ கேட்டதற்கு, உண்டு என்று மௌனிகா சொன்னதை நான் வராந்தாவில் கேட்டேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் என்னிடம் தனியாக வந்தாள்.

“டீச்சர், சார்ட்ட நீங்க சொல்லிருங்க.”

எதை என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

“அம்மா ஆபீசர் இல்லன்னு. பொன்னாடையெல்லாம் வேண்டாம்னு. பிள்ளைக முன்னாடி வேண்டாம் டீச்சர், தனியாச் சொல்லுங்க.”

அவ்வளவு கூச்சம் என்றால் சுற்றுலாவுக்கு வராமலே இருந்துவிடலாமே என்றேன்.

“அம்மாவப் பாத்து எட்டு மாசம் ஆச்சு” என்றாள்.

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். தலைமையாசிரியர் அறை என் வகுப்பிலிருந்து பதினைந்து அடி. நான் போகவில்லை. மறதியும் இல்லை, வேலை மிகுதியும் இல்லை. பதினொரு ஆண்டுகளாக அந்த மனிதரின் உரைகளை எழுதித் தருகிறவள் நான். நான் எழுதிய வாக்கியங்களை அவர் நடுவில் முறித்து, வினையை விட்டுவிட்டு, அடுத்த பத்தியின் எழுவாயோடு ஒட்டி வாசித்ததைப் பதினொரு ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அதிகாரியைத் தேடிப் போய்க் கூடைக்காரியின் முன் பொன்னாடையோடு அவர் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. மௌனிகா வாசிக்க வேண்டிய நன்றியுரையை மட்டும் அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். அதில் ‘அதிகாரி’ என்ற சொல் இரண்டு இடங்களில் வந்தது.

காலை ஆறு மணிக்குப் பஸ் புறப்பட்டது. நாற்பத்தொரு மாணவர்கள், கோபிநாத், சின்னையன், நான், தையல் டீச்சர். தையல் டீச்சர் பொள்ளாச்சிக்கு முன்பே உறங்கிவிட்டார். அன்றைய நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவற்றை அவர் கனவில்தான் கண்டிருக்க வேண்டும். தென்னந்தோப்பு வைத்திருக்கும் சின்னையன் ஒரு வாழைத்தாரோடு ஏறி, முன் இருக்கையில் அமர்ந்து, உடுமலை வரை சாலையோரத் தோப்புகள் ஒவ்வொன்றையும் குறைகூறி வந்தார். மாணவர்கள் பாடினார்கள். பாடல்களைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மறையூரில் பாறைமேல் நான்கு பலகைக் கற்களும் மேலே ஒரு மூடுகல்லுமாக அந்தப் பதுக்கைகள் நின்றன. இறந்தோருக்கு எழுப்பியவை, மூவாயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்கள். கோபிநாத் அவற்றை, வனவாசத்தில் தங்கிய வீடுகள் என்று, பாண்டவர்களுக்கு வழங்கினார். பின்னர்ப் பதாகை விரிக்கப்பட்டது. அது பதினான்கு அடி நீளம் ஆகையால் புகைப்படத்தில் பதுக்கை தெரியவில்லை. நிர்வாகத்தின் பெயரும் அவருடைய படமும் தெரிந்தன. அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி. யாருடைய சாவுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நிமிடத்தில் அவர் கைப்பேசியில் செய்தி படித்தார். இரண்டாம் நிமிடத்தில் பதில் எழுதினார்.

இவற்றால் காட்சியகத்திற்கு நாற்பது நிமிடம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தோம். கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. பள்ளிகளுக்கு ஒரே கட்டணம்தான் என்று சீட்டுக் கொடுப்பவர் பலகையைக் காட்டினார். கோபிநாத் குரலைத் தாழ்த்தி மூக்கம்மாளின் பெயரைச் சொன்னார்.

“மூக்கம்மாவா? பின்னால கொழுந்துக்கிட்ட இருக்கும்” என்றார் அவர், சில்லறை எண்ணியபடியே.

அதிகாரி தேயிலையைப் பார்வையிடப் போயிருக்கிறார் என்று கோபிநாத் எங்களுக்கு விளக்கினார். பழைய எந்திரங்களும் துரைமார் படங்களும் தொலைபேசிகளும் இருந்த மூன்று அறைகளை, ஒன்றையும் ஏறிட்டுப் பாராமல், வரிசை வரிசையாகக் கடந்து பின்புறம் வந்தோம். அங்கே கம்பி வேலிக்குள் இருபது தேயிலைச் செடிகள் இருந்தன. செடிகளுக்கு நடுவில் வெள்ளை ரவிக்கையும் தலைமேல் மடித்த கம்பளித் துணியும் முதுகில் கூடையுமாக ஒரு பெண் நின்றாள். வேறு யாரும் இல்லை.

கோபிநாத், கண்ணாடிக் காகிதம் சுற்றிய பொன்னாடையை இரு கைகளிலும் ஏந்தியவாறு, வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். மூவர் முகமும் தெரியும் இடமாகப் பார்த்து நான் நின்றுகொண்டேன். மூன்றாமவள் மௌனிகா, அம்ருதாவின் தோளுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கம்மா, ஆபீசர் மூக்கம்மாள் மேடம் எங்கீங்க? நாங்க நல்லேப்பிள்ளியிலிருந்து வாறோம்.”

அந்தப் பெண் பொன்னாடையைப் பார்த்தாள். பதாகையைப் பார்த்தாள். வரிசையின் மேல் அவள் பார்வை ஓடி, ஓரிடத்தில் தயங்கி, திரும்பி வந்தது. ஐந்து நொடிகூட ஆகியிராது.

“மேடம் இன்னைக்கு லீவு சார்” என்றாள்.

எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம். அதை வேறு பெயரிட்டு அழைக்க இயலாது. பதினொரு ஆண்டுக் காத்திருப்பை ஒரு கூடைக்காரி நான்கு சொற்களில் கலைத்துவிட்டாள்.

கோபிநாத் சற்றே வாடினார். ஆனால் பொன்னாடையைத் திருப்பி எடுத்துச் செல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. கூட்டத்தைக் கண்டு வந்த மேற்பார்வையாளர் சிவப்பிரகாஷ் அகப்பட்டார். அதிகாரியின் சார்பில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வேண்டி, அவர் மறுக்குமுன் போர்த்திவிட்டு, மூக்கம்மாள் மேடத்திடம் தம் மரியாதையைத் தெரிவிக்கச் சொன்னார். சிவப்பிரகாஷ் மூக்கம்மாளைப் பார்த்தார். அவள் கூடையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

“சொல்லிடுறேன் சார்” என்றார் அவர்.

எஸ்டேட்டுக்காரர்கள் ஒரு பொய்யைச் சேர்ந்து தூக்குவதற்கு முன்கூட்டிப் பேசிக்கொள்ளத் தேவை இல்லை போலும்.

பின்னர் அவள் செய்து காட்டினாள். இரண்டு இலை, ஒரு மொட்டு; நகத்தால் கிள்ளக் கூடாது, ஒடிக்க வேண்டும்; கைநிறைந்தால் தோளுக்கு மேலாகக் கூடைக்குள். அவள் குரல் ஏற்ற இறக்கமின்றி ஓடியது. கேட்டவர் சின்னையன் ஒருவரே. தென்னைக்கு வருவதுபோல் இதற்கும் பூச்சி வருமா, மருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றெல்லாம் விசாரித்தார். தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி உண்டு, தளிரைக் குத்திக் கறுக்கவைத்துவிடும் என்று அவள் இலையைத் திருப்பிக் காட்டினாள். மாணவர்கள் வேலியைத் தாண்டி, அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

அம்ருதா தன் கைப்பேசியை மௌனிகாவிடம் நீட்டினாள். கூடைக்காரியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றாள்.

மௌனிகா கைப்பேசியை உயர்த்தினாள். அதற்கு முன் அவள் தாயை நேராகப் பார்க்கவில்லை; தாயும் அந்த முதல் தயக்கத்திற்குப் பின் அவளைப் பார்க்கவில்லை. இப்போது பார்ப்பதற்கு இருவருக்கும் காரணம் இருந்தது. மூக்கம்மாள் கைப்பேசியை நோக்கிச் சிரித்தாள்.

“எடுத்துட்டியா?” என்றாள் அம்ருதா.

“கண்ண மூடிட்ட. இன்னொண்ணு.”

இன்னொன்று எடுத்தாள். வெயில் முகத்தில் விழுகிறது என்று இடம் மாற்றி நிறுத்தி மற்றொன்று. பிறகு குறுக்கே யாரோ வந்துவிட்டார்கள் என்றாள், யாரும் வரவில்லை. ஆறாவது படத்திற்கு அம்ருதா சலித்துக்கொண்டு கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். நான் கடிகாரம் பார்த்தேன். எட்டு மாதத்திற்கு நான்கு நிமிடம்.

நன்றியுரைக்கு அழைப்பு வந்தது. பதாகையின் முன் சிவப்பிரகாஷ் பொன்னாடையோடும் கோபிநாத் புன்னகையோடும் நின்றனர். மௌனிகா தாளை விரித்தாள். நான் எழுதியதை ஒரு பிழையுமின்றி வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினாள். தலைமையாசிரியருக்கு நன்றி, சங்கத் தலைவருக்கு நன்றி, காட்சியகத்தாருக்கு நன்றி. அடுத்த பத்தியில் அதிகாரி வருகிறார். அங்கே வந்ததும் தாளை மடித்தாள்.

“எங்கம்மா லீவு இல்ல சார்” என்றாள். “இவுகதான்.”

மூக்கம்மாள், பறித்த கொழுந்து கையில் இருக்க, இல்லை என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள். கோபிநாத்தின் முகத்தை நான் பார்த்தேன். அதற்காகத்தானே வந்திருந்தேன். குழப்பம் மூன்று நொடி நீடித்தது. நாலாவது நொடியில் அவர் கைதட்டத் தொடங்கிவிட்டார்.

உழைப்பின் உயர்வைப் பற்றி ஆறு நிமிடம் பேசினார். இதைத் தாம் முன்பே அறிந்திருந்ததாகவும், மாணவர்களுக்கு ஒரு பாடமாக அமைய வேண்டும் என்றே காத்திருந்ததாகவும் அந்த உரையிலிருந்து தெரிந்தது. சிவப்பிரகாஷின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தார்; அவரும் விடுதலை பெற்றவர்போல் கொடுத்தார். மூக்கம்மாள் ஓர் அடி பின்வாங்கினாள்.

“டூட்டி உடுப்பு மேல எதுவும் போடக் கூடாது சார். பைன் போடுவாக.”

ஒரு படத்திற்கு மட்டும் என்றார் அவர். ஒரு படம், பதாகையோடு ஒன்று, பதாகையில்லாமல் ஒன்று, மகளை வலப்புறம் நிறுத்தி, இடப்புறம் நிறுத்தி, சங்கத் தலைவரைச் சேர்த்து. “அங்க பாக்காதே கண்ணு, கேமராவப் பாரு” என்று மௌனிகாவிடம் நான்கு முறை சொன்னார். தாயும் மகளும் ஒட்டி நின்றார்கள். ஒரு சொல்லும் பேச வழியில்லை. பின்வரிசையில் சிரிப்பு தொடங்கியிருந்தது. கம்பெனி ஜீப் எங்கே என்று ஒருவன் கேட்டான். அம்ருதா தன் கைப்பேசியில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

காட்சியகத்திற்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது, இனித் தூண். எல்லோரும் பஸ்ஸுக்கு என்று கோபிநாத் கையை உயர்த்தினார். நான் அவரிடம் போய், தூண் அருகில்தானே இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள், நானும் மௌனிகாவும் இங்கே நிற்கிறோம் என்றேன். அப்படி விடலாமா என்று தயங்கினார். பெற்றோரைச் சந்திக்கும் மாணவிக்கு அரை மணி நேரம் தர வேண்டும் என்று உத்தரவே இருக்கிறது என்றேன்.

“எந்த உத்தரவுங்க டீச்சர்?”

ஓர் எண்ணும் தேதியும் சொன்னேன். அப்படி ஓர் உத்தரவு இல்லை. அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.

மூக்கம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, செடிகளுக்குப் பின்னாலிருந்த கொட்டகை ஓரத்தில் மகளை உட்காரவைத்துத் தூக்குச் சட்டியைத் திறந்தாள். கட்டிக்கொள்வார்கள், அழுவார்கள் என்று எதிர்பார்த்து, பார்வையை வேறுபுறம் திருப்ப ஆயத்தமாக நின்றேன்.

“எதுக்குடி சொன்ன?” என்றாள் மூக்கம்மாள். “நான்தான் லீவுன்னுட்டேன்ல.”

மௌனிகா சட்டியிலிருந்த சோற்றில் கைவைத்தாள்.

“பத்தாம் கிளாஸ் முடியுற மட்டும் அவுகளோட நீதான இருக்கணும். நானா வந்து இருக்கப் போறேன்? இனி டெய்லி கேப்பாக.”

“டீச்சர்ட்டச் சொன்னேன்மா. சார்ட்டத் தனியாச் சொல்லிருங்கன்னு முன்னமே சொன்னேன்.”

மூக்கம்மாள் என்னை ஏறிட்டாள். அதுவரை நான் அவளுக்கு வந்த கூட்டத்தில் ஒருத்தி.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?”

“தெரியும்.”

“பெறகு ஏன் சொல்லல?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நேரம் கிடைக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், ஆசிரியர்களை நம்பும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. உண்மையான விடை ஒற்றை வாக்கியந்தான். அதைத் தொடக்கம் முதல் முற்றுவரை மனத்தில் அமைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய வாக்கியமாக அது இல்லை.

“சொல்லியிருக்கணும்” என்றேன்.

அவள் தூக்குச் சட்டியை மகள் பக்கம் நகர்த்தினாள்.

“சரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர்” என்றாள். “பிள்ளட்டப் பேசணும்.”

சீட்டுக் கொடுக்கும் இடம் வரை தள்ளிப் போய் நின்றேன். அங்கிருந்து பேச்சு கேட்கவில்லை. மூக்கம்மாள் எதையோ நீளமாகச் சொல்வதும், மௌனிகா சோற்றை அளைந்துகொண்டு கேட்பதும், ஓரிடத்தில் இருவரும் சிரிப்பதும் தெரிந்தன. எதற்குச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. அது என்னைப் பற்றியும் இருக்கலாம்.

பஸ் திரும்பி வந்து ஹாரன் அடித்தது. ஒன்பது மணி நிபந்தனையைக் கோபிநாத் சன்னல் வழியே நினைவூட்டினார். இன்னும் ஆகவில்லை என்றேன். இரண்டாம் முறை இறங்கியே வந்தார். இன்னும் ஆகவில்லை என்றேன். உள்ளே சுற்றுலாப் பயணிகளின் அடுத்த கூட்டம் வந்து, சிவப்பிரகாஷ் கொட்டகைப் பக்கம் போய் ஏதோ சொன்ன பிறகே மூக்கம்மாள் எழுந்து கைகழுவித் தலைத்துணியைச் சரிசெய்து கூடையை மாட்டிக்கொண்டாள். மௌனிகா நடந்து வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து, இரண்டு இலை, ஒரு மொட்டு என்ற குரல் தொடங்கிவிட்டிருந்தது.

பஸ்ஸில் அவள் ஏறியதும் பேச்சு நின்றது. காலையில் அவள் உட்கார்ந்து வந்த, அம்ருதாவின் பக்கத்து இருக்கையில் இப்போது பைகள் இருந்தன. மௌனிகா அதைப் பார்த்துவிட்டு, எடுக்கச் சொல்லிக் கேளாமல், முன்புறமாக வந்தாள். சின்னையன் ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்து, உங்க அம்மா நல்ல விவரமுங்க, பூச்சியைப் பத்தி அவ்வளவு தெளிவா ஆபீசருக்குக்கூடச் சொல்லத் தெரியாது என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். என் பக்கத்து இருக்கை ஒன்றுதான் காலி. நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னேன்.

“இருக்கட்டும் டீச்சர்” என்றாள்.

மலைவழியில் வளைவுகள் நிறைய. அவள் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, சின்னாறு சோதனைச் சாவடி தாண்டிச் சமவெளி வரும்வரை நின்றுகொண்டே வந்தாள். நான் பையை மடியிலிருந்து எடுக்கவில்லை.